சத்தம் வேண்டாம், பேச்சு கேட்டால் போதும்

டி.வி. ஒல்லியாக ஆக ஆக அதன் குரலும் ஒல்லியாகிப் போனதைக் கவனித்தீர்களா, சகோதரிகளே? படம் என்னவோ பளிச்சென்றுதான் இருக்கிறது. கதாநாயகியின் மூக்குத்திக் கல் வரைக்கும் தெரிகிறது. ஆனால் அவள் என்ன சொன்னாள் என்பதுதான் பாதி நேரம் புரிவதில்லை. பாட்டு வந்தால் வீடு அதிர்கிறது. பேச்சு வந்தால் முணுமுணுப்பாகப் போய்விடுகிறது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றுவதும் இறக்குவதுமாகவே ராத்திரி ஒன்பதரை மணி ஆகிவிடுகிறது.

இதற்குக் காரணம் நம் காது மட்டும் இல்லை. பழைய பெட்டி டி.வி. ஞாபகம் இருக்கிறதா? 2006-ல் தொடங்கி நம் அரசாங்கம் வீடு வீடாக இலவசமாகக் கொடுத்ததே, அந்தக் கலர் டி.வி. மாதிரி. அந்தக் காலத்துப் பெட்டிகளில் உள்ளே தாராளமாக இடம் இருந்தது. ஸ்பீக்கரும் பெரும்பாலும் முன்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கும். இப்போது வருகிற தட்டை டி.வி.யில் முன்பக்கம் முழுக்கத் திரைதான். ஸ்பீக்கருக்கு இடமே இல்லை. அதனால் அதை விரல் நீளத்துக்குச் சின்னதாக்கி, கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ திருப்பி வைத்துவிடுகிறார்கள். சத்தம் முதலில் சுவரிலும் மேஜையிலும் மோதி, அப்புறம்தான் நம்மிடம் வருகிறது. திரும்பி நின்றுகொண்டு ஒருவர் பேசினால் எப்படிக் கேட்குமோ, அப்படித்தான். ஐந்நூறு, ஆயிரம் செலவில் இதைச் சரி செய்ய முடியும் என்பதை எங்கள் வீட்டில் பார்த்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் சேலம் அம்மாபேட்டை. இங்கே தறிச் சத்தம் இல்லாத தெரு எது என்று தேடத்தான் வேண்டும். என் மாமனாருக்கு வயது 76. சின்ன வயசில் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். பிறகு விசைத்தறிப் பட்டறைக்குப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றார். கைத்தறியின் சத்தம் ஒரு தாளம் மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். விசைத்தறி அப்படி இல்லை. இருபது தறி ஒரே கூரைக்குக் கீழே ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினால்கூடக் கேட்காது. அங்கே எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லக்கூட அந்தக் காலத்தில் ஆள் கிடையாது.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கத்துப் பருத்தி ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள், தறிச் சத்தத்தில் குரல் எடுபடாது என்பதால், உதட்டை நன்றாக அசைத்து, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். அதற்கு 'மீ மாவிங்' என்று ஒரு பேரே இருந்திருக்கிறது. என் பெரிய மகள் இதைப் படித்துச் சொன்னபோது எனக்குச் சிரிப்பாக வந்தது. எங்கள் மாமாவும் அப்படித்தான். எதிரில் நின்று பேசினால் எல்லாம் புரியும். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் ஒன்றும் புரியாது.

இது தெரியாமல் வீட்டில் எவ்வளவு மனஸ்தாபம்! டி.வி.யில் எண் 20-ல் இருந்த சத்தம் 35 ஆகி, 50-ஐத் தாண்டியது. சின்னவள் பிளஸ் டூ. பெரியவள் தலைப்பிரசவம் முடிந்து மூன்று மாதக் கைக்குழந்தையோடு இங்கேதான் இருந்தாள். குழந்தை தூளியில் கண்ணயரும் நேரம் பார்த்து டி.வி.யில் ஒரு சண்டைக் காட்சி வரும். வீல் என்று எழுந்துவிடும். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுச் சுவர். அவர்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் சத்தம் நமக்குக் கேட்குமே.

ஒரு ராத்திரி என் வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் ரிமோட்டை வாங்கிச் சத்தத்தைக் குறைத்துவிட்டார். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். மறுநாள் கூப்பிட்டபோது, "எனக்கு எதுக்கும்மா டி.வி.? நீங்க பாருங்க, நான் காத்தாட உக்காந்திருக்கேன்" என்றார். அப்படியே பத்துப் பன்னிரண்டு நாள். சாப்பிட மட்டும் உள்ளே வருவார். டி.வி. பார்க்காவிட்டால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். டி.வி. போனதோடு, "இவன் யாரு, போன வாரம் செத்தவன்தானே?" என்று பேத்தியிடம் கேட்பது போயிற்று. அவள் சிரித்துக்கொண்டே கதை சொல்வது போயிற்று. எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே அறையில் உட்காருவது போயிற்று. காது மந்தமானவர்கள் மெல்ல மெல்ல ஒதுங்கிப் போவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது போலிருக்கிறது.

முதலில் காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். இதை நான் அழுத்திச் சொல்வேன்: ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்னால் காதைக் காட்டுங்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. மாமாவின் காதில் கெட்டியாக அழுக்கு அடைத்திருந்தது. அதை எடுத்ததிலேயே கொஞ்சம் தெளிவு வந்தது. (கொண்டை ஊசி, கோழி இறகு, காய்ச்சிய எண்ணெய் எல்லாம் வேண்டாம். அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும். சவ்வு கிழிந்தால் அது வேறு தொல்லை.) அப்புறம் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் மாட்டி, மெல்லிய ஓசைகளைக் கேட்க வைத்துச் சோதனை செய்தார்கள்.

டாக்டர் விளக்கியது எனக்கு நன்றாகப் புரிந்தது. மாமாவுக்குக் காது மொத்தமாக மந்தமில்லை. கீழ் ஸ்தாயி ஓசைகள், தவில், லாரி, ஆண் குரலின் முழக்கம் எல்லாம் நன்றாகவே கேட்கிறது. மெல்லிய கீச்சு ஓசைகள்தான் போய்விட்டன. வயசாலும் இப்படி ஆகும், பல வருஷம் பெரிய சத்தத்தில் இருந்தாலும் ஆகும். போனது திரும்பி வராது. பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிர் ஓசைகள் பலமானவை. அவை காதில் விழுந்துவிடும். க, ச, த, ப என்று வார்த்தையைப் பிரித்துக் காட்டுகிற மெய்கள் மெலிந்தவை, அவைதான் தவறிப் போகும். கடை, சடை, தடை, படை நாலும் அவருக்கு ஒன்றே மாதிரி. அதனால்தான் "சத்தம் கேக்குது, பேச்சு புரியல" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். நமக்கு அது விசித்திரமாகப் பட்டிருக்கிறது.

இன்னொன்றும் அன்றைக்கு விளங்கியது. மாமா ஹிந்தியிலிருந்து மாற்றிய சீரியல்களைத்தான் அதிகம் திட்டுவார். அதில் உதடு ஒன்று சொல்லும், குரல் ஒன்று சொல்லும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவருக்கு அது எவ்வளவு கஷ்டம்!

சரி, சத்தத்தை ஏற்றினால் என்ன? ஏற்றும்போது அந்த முழக்கமும் பின்னணி இசையும் சேர்ந்தே ஏறுகின்றன. மெலிந்த ஓசை அதற்குள் அமுங்கிப் போகிறது. ஆகவே அவருக்கு வேண்டியது பெரிய சத்தம் இல்லை. தெளிவான சத்தம், பக்கத்திலிருந்து, அவர் முகத்துக்கு நேராக வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

செலவே இல்லாமல் முதலில் செய்து பார்த்தது, டி.வி.யின் செட்டிங்ஸில் போய் 'சவுண்ட் மோடு' என்பதை மாற்றியது. சினிமா, மியூசிக், ஸ்போர்ட்ஸ் என்று பல இருக்கும். செய்தி, பேச்சு, 'கிளியர் வாய்ஸ்' என்று ஏதாவது இருந்தால் அதை வையுங்கள். பாஸைக் குறையுங்கள், டிரெபிளைக் கொஞ்சம் கூட்டுங்கள். 'சரவுண்ட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். எங்களுக்கு இதிலேயே காலே அரைக்கால் பலன் கிடைத்தது.

பிறகு கடைக்குப் போனோம். கடைக்காரர் தரையில் வைக்கிற பெரிய பெட்டியோடு ஒரு ஹோம் தியேட்டரைக் காட்டி, ஒரு குத்துப் பாட்டைப் போட்டார். நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. "எப்படிக்கா, தியேட்டர் மாதிரி இல்ல?" என்றார். "தம்பி, நியூஸ் போடு" என்றேன். போட்டார். செய்தி வாசித்த பெண் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல் இருந்தது. வாங்கப் போகும்போது இதை மறக்காதீர்கள். பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். செய்தியைப் போடச் சொல்லுங்கள், இரண்டு பெண்கள் பேசும் காட்சியைப் போடச் சொல்லுங்கள். யாருக்காக வாங்குகிறோமோ அவரைக் கூட்டிப் போய்க் கேட்க வைப்பது எல்லாவற்றையும் விட நல்லது. எங்கள் வீடுகளில் சிமெண்டுத் தரை, டைல்ஸ், வெறும் சுவர். அந்தப் பெரிய பெட்டி இங்கே முழங்கத்தான் செய்யும். பொதுச் சுவர்க்காரர்களையும் நினைக்க வேண்டுமே.

நாங்கள் வாங்கியது கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன ஜோடி ஸ்பீக்கர். கரண்டில் ஓடுவது, சத்தம் கூட்டிக் குறைக்கும் திருகு முன்னாலேயே இருப்பது. இந்த இரண்டும் முக்கியம். கரண்டு இல்லாத வெறும் ஸ்பீக்கர் வாங்கினால் அதற்குத் தனியாக ஆம்ப்ளிபயர் வேண்டும். அதோடு ஐந்து மீட்டர் ஒயர். எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் அடங்கியது.

வாங்குவதற்கு முன் டி.வி.யின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் காட்டினால் அவர்களே சரியான ஒயரைத் தருவார்கள். ஹெட்போன் படம் போட்ட சின்ன வட்ட ஓட்டை இருந்தால் வேலை சுலபம். கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஒயரே அதில் சேரும். ராசிபுரத்தில் என் நாத்தனார் வீட்டு டி.வி.யில் அது இல்லை. 'ஆப்டிகல்' என்று எழுதிய சதுர ஓட்டை மட்டும் இருந்தது. அதற்கு, டிஜிட்டல் சத்தத்தைச் சாதாரண சத்தமாக மாற்றுகிற தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி விற்கிறது. அதை நடுவில் மாட்டினார்கள். மாட்டியும் சத்தம் வரவில்லை. கடைசியில் டி.வி. செட்டிங்ஸில் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்' என்பதை 'பி.சி.எம்.' என்று மாற்றியதும் பேசியது. நீளமான சவுண்ட் பார் வாங்குகிறவர்கள், டி.வி.யில் 'எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கும் ஓட்டையில் மாட்டினால் ஒரே ரிமோட்டில் இரண்டும் அடங்கும். பக்கத்து ஓட்டையில் மாட்டிவிட்டு ஸ்பீக்கர் கெட்டது என்று திரும்பத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

ஒயரே வேண்டாம், புளூடூத் போதும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பெரியவளிடம் இருந்த புளூடூத் ஸ்பீக்கரில் இணைத்துப் பார்த்தோம். சத்தம் நன்றாகத்தான் வந்தது, ஆனால் உதடு அசைந்த பிறகு ஒரு நொடிக்குள்ளான இடைவெளி விட்டு வந்தது. எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மாமாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "இவங்களும் ஹிந்திக்காரங்க ஆயிட்டாங்களா?" என்றார். சில டி.வி.களில் இந்த இடைவெளியைச் சரி செய்ய வசதி உண்டு. பாட்டுக் கேட்க மட்டும் என்றால் புளூடூத் போதும். காது மந்தமானவர்களுக்கு ஒயர்தான் நல்லது.

ஹெட்போனும் ஒரு வழிதான். குழந்தை தூங்கும் வீட்டுக்கு அது தோதானது. ஆனால் மாட்டிக்கொண்டால் மாமாவுக்கு எங்கள் பேச்சு கேட்காது, பல டி.வி.களில் அந்த ஓட்டையில் செருகினால் எங்களுக்குச் சத்தம் நின்றுவிடும். திண்ணையிலிருந்து உள்ளே கூட்டி வந்தவரை மறுபடி தனியாக உட்கார வைப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

ஸ்பீக்கர் மாட்டும்போதும் இந்தப் பிரச்சினை வந்தது. ஒயரைச் செருகியதும் டி.வி.யின் சொந்தக் குரல் நின்று, ஸ்பீக்கர் மட்டும் பேசியது. எங்கள் டி.வி.யில் இரண்டும் பேச வைக்கும் வசதி செட்டிங்ஸில் இருந்ததால் பிழைத்தோம். உங்கள் டி.வி.யில் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். ஸ்பீக்கர் சத்தமே அறை முழுக்கக் கேட்கும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்: ஸ்பீக்கரை எங்கே வைப்பது? டி.வி.க்கு இரண்டு பக்கமும் அழகாக வைத்துப் பார்த்தோம். முன்னைக்கு நன்றாகத்தான் இருந்தது. அலமாரித் தட்டுக்குள் தள்ளி வைத்தபோதும் மூலையில் வைத்தபோதும் முழக்கம் கூடியது. கடைசியில் என் சின்ன மகள், "தாத்தா பக்கத்துலேயே வெச்சா என்ன?" என்றாள். மாமா உட்காரும் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, அவர் காது உயரத்துக்கு, அவரைப் பார்த்தாற்போல் ஜோடியையும் வைத்தோம். ஒரு கை தூரம். படம் அங்கே, குரல் இங்கே என்று முதல் நாள் அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. இரண்டாம் நாள் அது மறந்துவிட்டது. டி.வி.யின் சத்தம் 50-லிருந்து 16-க்கு இறங்கியது. ஸ்பீக்கரின் திருகு அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. வேண்டுமானால் தானே திருகிக்கொள்வார், யாரிடமும் கேட்க வேண்டாம். அதில் அவருக்கு இருக்கிற நிம்மதியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சின்னவள் போனில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றை வைத்துப் பார்த்தாள். அது துல்லியமாக இருக்காது, ஆனால் முன்னைக்கும் இப்போதைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம், பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. குழந்தைகளுக்கு 75 தான். டெசிபல் கூடக் கூட நேரம் மளமளவென்று குறைந்துவிடும். நாள் முழுக்க டி.வி.யை அலற விட்டுவிட்டு அடுப்படியில் வேலை பார்க்கும் சகோதரிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆடி மாதம் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியை நம்மால் நிறுத்த முடியாது. வீட்டுக்குள் இருப்பதையாவது குறைக்கலாம் இல்லையா?

கைக்குழந்தை உள்ளவர்கள் தொட்டில் பக்கம் ஸ்பீக்கர் வைக்காதீர்கள். ஒயரைத் தரையில் குறுக்கே விடாதீர்கள். வயசானவர்கள் கால் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். நாங்கள் சுவரோரமாக ஆணி அடித்து ஓட்டினோம். தவழும் குழந்தை பிளக்கை வாயில் வைக்கும், இழுக்கும், கவனம்.

இளம் தாய்மார்களுக்கு இன்னொன்று. உங்கள் பிள்ளை டி.வி.க்குக் கிட்டத்தில் போய் உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தால், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாவிட்டால், பிடிவாதம் என்று அடிக்காதீர்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் கட்டி மந்தமாவது உண்டு. வைத்தியம் பார்த்தால் சரியாகிவிடும். பார்க்காமல் விட்டால் பேச்சும் படிப்பும் பின்தங்கும்.

மாமாவுக்குக் காதொலிக் கருவியும் தேவை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஸ்பீக்கர் டி.வி.க்கு மட்டும்தானே? வீட்டுக்கு வருகிறவர்களிடம் பேச வேண்டாமா? மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். "மிஷின் மாட்டினா ஊர் சிரிக்கும்" என்று மாமா முதலில் மறுத்தார். "கண்ணாடி போட்டப்போ யார் சிரிச்சாங்க, தாத்தா?" என்று சின்னவள் கேட்டாள். பதில் சொல்லவில்லை, யோசிக்கிறார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'மந்திரி குமாரி' போட்டார்கள். 1950-ல் நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் எடுத்த படம், கலைஞரின் வசனம். வசனத்துக்காகவே ஓடிய படம் என்று மாமா அடிக்கடி சொல்வார். நான் தட்டு வடை செட்டு செய்து ஆளுக்கு ஒரு தட்டில் கொடுத்தேன். மாமா தின்னவே மறந்து, நடிகர் வாயைத் திறக்கும் முன்னால் அடுத்த வசனத்தைத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். "தாத்தா, கொஞ்சம் சும்மா இருங்க, எங்களுக்குக் கேக்கல" என்று பேத்திகள் இரண்டு பேரும் அவரை அதட்டினார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா நேற்று வந்து முக்காலியையும் ஸ்பீக்கரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் வீட்டுக்காரரும் விசைத்தறியில் இருபத்தைந்து வருஷம். சாயந்திரம் நானும் சின்னவளும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் டி.வி.யின் பின்பக்கத்தைப் பார்த்தோம். சதுர ஓட்டைதான் இருக்கிறது. அந்தத் தீப்பெட்டிப் பெட்டியையும் சேர்த்து வாங்க வேண்டும். ஒயர் மூன்று மீட்டர் போதும்.